உஷார்! ‘எந்த டிகிரி இருந்தாலும் எல்.எல்.எம்.’ என்று அழைக்கிறார்களா?

‘எல்.எல்.பி. தேவையில்லை, எந்த டிகிரி இருந்தாலும் போதும். நுழைவுத் தேர்வு கிடையாது. வேலையை விடாமலே, சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து ஒரே வருடத்தில் எல்.எல்.எம்.! டெல்லியின் பிரபல பல்கலைக்கழகம். சில இடங்களே பாக்கி.’

இந்த ரகத்தில் ஒரு வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கோ, சட்டப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். டெல்லி என்றால் சட்டப் படிப்புக்குப் பெரிய பெயர்தான். 1924-ல் தொடங்கிய டெல்லி பல்கலைக்கழகச் சட்டத்துறை, துவாரகாவில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், உச்ச நீதிமன்றத்துக்கு எதிரே பகவான் தாஸ் சாலையில் இந்தியச் சட்ட நிறுவனம், ஜாமியா, இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகங்கள் என்று வரிசையாக இருக்கின்றன. இந்தப் பெயர்களின் நிழலில்தான் மற்ற வியாபாரங்களும் நடக்கின்றன. டெல்லி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் பெற்றோரிடம் லட்சங்களைக் கறந்துவிடுகிறார்கள்.

கல்லூரி விளம்பரத்தில் ‘தகுதி’ என்று ஒரு வரி வரும். அந்த நிறுவனம் யாரிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளத் தயார் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அந்தப் பட்டத்தை நாளைக்கு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும், எந்த நீதிமன்றம் ஏற்கும், எந்தத் தேர்வாணையம் ஏற்கும் என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்டால் கவுன்சலிங் செய்யும் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஆகவே இந்த விஷயத்தைப் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும். பட்டத்தை எங்கே கொண்டுபோய் நீட்டப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அங்கே எது செல்லும் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் சேருங்கள்.

2025 ஜூன் மாதக் கடைசியில் இந்திய வழக்கறிஞர் மன்றம், அதாவது பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, ஓர் எச்சரிக்கை விட்டது. தன்னுடைய அனுமதி இல்லாமல் ஆன்லைனிலோ, தொலைதூரக் கல்வியாகவோ, பாதி நேரடி பாதி ஆன்லைன் என்ற கலவையாகவோ நடத்தப்படும் எல்.எல்.எம். செல்லாது, ‘எக்ஸிக்யூட்டிவ்’, ‘புரொஃபஷனல்’ என்று அடைமொழி போட்டாலும் அதே கதிதான் என்றது. அதோடு விடவில்லை. கவுன்சிலின் சட்டக் கல்வி நிலைக்குழுவின் இணைத் தலைவரும் டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதியுமான ராஜேந்திர மேனன், எல்லா உயர் நீதிமன்றப் பதிவாளர்களுக்கும் கடிதம் எழுதினார். நியமனம், பதவி உயர்வு போன்றவற்றுக்கு இப்படிப்பட்ட பட்டங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்பது கடிதத்தின் சாரம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கையில் அடிபட்ட பெயர்கள் சந்துக்குள் போர்டு மாட்டிய டியூஷன் சென்டர்களுடையவை அல்ல. நாடறிந்த, முன்வரிசை நிறுவனங்கள். பெரிய இடம்தானே, தப்பாக இருக்குமா என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஒரே பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் நேரடி வகுப்பாக நடத்தும் எல்.எல்.எம். முழுக்கச் சரியானதாக இருக்கும். அதே பல்கலைக்கழகம் சனி ஞாயிறு ஆன்லைனில் விற்கும் இன்னொரு படிப்பு சிக்கலில் இருக்கும். இரண்டு சான்றிதழிலும் ஒரே முத்திரைதான். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் முத்திரையைப் பார்த்தும் ஏமாறுவார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நிலை என்ன என்று கேட்கலாம். அவர்களுடைய 2020-ம் ஆண்டுத் திறந்தநிலை, ஆன்லைன் கல்வி விதிமுறைகளில், அந்த வழியில் நடத்தக்கூடாத படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு சட்டமும் அதில் உண்டு. ‘யு.ஜி.சி. அனுமதி பெற்ற பல்கலைக்கழகம்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் அல்லவா? பல்கலைக்கழகம் அனுமதி பெற்றதாகவே இருக்கட்டும். அந்தப் படிப்பு அந்த முறையில் அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் ஓர் அதிகாரச் சண்டையும் இருக்கிறது. டெல்லிவாசிகளுக்கு ஐ.டி.ஓ. பக்கம் தெரியும். யு.ஜி.சி. அலுவலகம் பகதூர் ஷா ஜஃபர் சாலையில். பார் கவுன்சில் அலுவலகம் அங்கிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில், ரவுஸ் அவென்யூவில். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எல்.எல்.எம். யாருடைய பிள்ளை என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பைத் தனக்குத் தந்திருக்கிறது என்பது கவுன்சிலின் வாதம். வக்கீலாகப் பதிவு செய்ய எல்.எல்.பி. போதும், ஆகவே கவுன்சிலின் எல்லை அதோடு முடிந்தது, முதுநிலை எங்கள் பாடு என்பது பல்கலைக்கழகங்களின் வாதம்.

2021 ஜனவரியில் கவுன்சில் அரசிதழில் புது விதிகளை வெளியிட்டது. ஒரு வருட எல்.எல்.எம். இனிக் கிடையாது, நான்கு பருவங்கள் கொண்ட இரண்டு வருடப் படிப்பு மட்டும், நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு, எல்.எல்.பி. இல்லாதவருக்குக் கொடுக்கும் எந்த முதுநிலைப் பட்டத்துக்கும் எல்.எல்.எம். என்று பெயர் வைக்கக்கூடாது, வெளிநாட்டு ஒரு வருட எல்.எல்.எம். இந்திய எல்.எல்.எம்.முக்கு நேரடியாகச் சமமாகாது என்றெல்லாம் அதில் இருந்தன. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு வருட எல்.எல்.எம். என்பதே யு.ஜி.சி. 2012-ல் வகுத்த வழிகாட்டுதலின்படி வந்ததுதானே என்பது அவர்கள் பக்கத்து நியாயம். 2021 பிப்ரவரியில், அடுத்த கல்வியாண்டுக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று கவுன்சில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் வழக்கு மறுபடி வந்தபோது, சட்டக் கல்வியில் உங்களுக்கு என்ன வேலை என்கிற தொனியில் நீதிபதிகளே கவுன்சிலைக் கேட்டார்கள். நாலே மாதத்தில் அதே கவுன்சிலிடமிருந்து மேலே சொன்ன எச்சரிக்கை!

யார் ஜெயிப்பார்கள் என்று ஜோசியம் சொல்வது என் வேலை இல்லை. எனக்குப் பல்கலைக்கழகங்களின் வாதத்திலும் சாரம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் இரண்டு யானைகள் சண்டை போடும் இடத்தில் மாணவன் ஏன் போய்ப் படுக்க வேண்டும்? வளாகத்தில், நேரடி வகுப்பில், எல்.எல்.பி. முடித்தபின், நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் எல்.எல்.எம்.மில் இந்தத் தலைவலியில் பெரும்பங்கு இல்லை.

லண்டன் எல்.எல்.எம். கனவில் இருப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் சட்டமே படிக்காத பட்டதாரியையும் எல்.எல்.எம்.மில் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே அது முறையானது. படித்துவிட்டு அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போவதானால் சிக்கலில்லை. திரும்பி வந்து இங்கே சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்று நினைத்தால், சமநிலைச் சான்றிதழ் என்ற வாசலில் நிற்க வேண்டிவரும். எல்.எல்.பி. இல்லாமல் எல்.எல்.எம். மட்டும் வைத்திருப்பவர் கறுப்புக் கோட்டு போடவே முடியாது. எத்தனை வெளிநாட்டு எல்.எல்.எம். வாங்கினாலும் வக்கீலாகப் பதிவு செய்ய இந்தியாவில் அங்கீகாரம் உள்ள எல்.எல்.பி. வேண்டும், அதன்பின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2023 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

சட்டம் படிக்காத இன்ஜினீயருக்கும் கணக்காளருக்கும் சட்ட அறிவு தேவைப்படுவது உண்மைதான். அதற்கென்று நேர்மையான வழிகள் இருக்கின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி நெடுங்காலமாக எந்தப் பட்டதாரிக்கும் எம்.பி.எல். என்ற வணிகச் சட்டப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. இந்தியச் சட்ட நிறுவனம் முதுநிலை டிப்ளமோக்கள் தருகிறது. இவை எல்.எல்.எம். என்று யாரும் நடிப்பதில்லை. வேலையில் இருப்பவருக்கு அறிவுக்காகப் போதும். சட்ட ஆசிரியர் பணிக்கோ முனைவர் பட்டத்துக்கோ இவற்றை எல்.எல்.எம்.முக்குப் பதிலாக நீட்டாதீர்கள்.

இனி அப்பட்டமான போலிகளுக்கு வருவோம். யு.ஜி.சி. அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது. 2023 ஆகஸ்டில் வெளியான பட்டியலில் நாடு முழுக்க 20 பெயர்கள். அவற்றில் 8 டெல்லியில்! தலைநகரத்துக்கு இப்படியும் ஒரு முதலிடம். பெயர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். தரியாகஞ்சில் ‘கமர்ஷியல் யூனிவர்சிட்டி லிமிடெட்’. பல்கலைக்கழகத்துக்குக் கம்பெனி மாதிரி லிமிடெட் என்று வால்! ‘யுனைடெட் நேஷன்ஸ் யூனிவர்சிட்டி, டெல்லி’ என்று இன்னொன்று, ஐ.நா. சபைக்கு இதே பெயரில் டோக்கியோவில் உண்மையான பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சட்டம் படிக்க வருகிறவர்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டியது ராஜேந்திரா பிளேஸ் முகவரியோடு பட்டியலில் இருக்கும் ‘ஏ.டி.ஆர். சென்ட்ரிக் ஜுரிடிகல் யூனிவர்சிட்டி’. சமரசத் தீர்வு, நீதித்துறை என்று பெயரிலேயே கோர்ட்டு வாசனை அடிக்கிறது. பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று 1956-ம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவு வரையறுத்திருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், அவ்வளவுதான். வேறு யார் அச்சடித்தாலும் அது வெறும் காகிதம். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், சேரும் வாரத்தில் யு.ஜி.சி. இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

போலியும் இல்லாமல் அசலும் இல்லாமல் நடுவில் நிற்கும் ஒரு ரகம் இதைவிட ஆபத்தானது. வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் உண்மையிலேயே அங்கே இருக்கும். ஆனால் வகுப்பு நடப்பது லட்சுமி நகரிலோ ஜனக்புரியிலோ இரண்டாவது மாடியில், ‘ஸ்டடி சென்டர்’ என்ற பெயரில். மாநிலச் சட்டத்தால் உருவான தனியார் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி இப்படிக் கடை விரிக்க முடியாது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2002-ல் சத்தீஸ்கர் அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் மளமளவென்று முளைத்தன. யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவர் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளையே செல்லாதென்று அடித்தது. ஒரே தீர்ப்பில் அத்தனை பல்கலைக்கழகங்களும் காணாமல் போயின. அவற்றில் சேர்ந்திருந்த பிள்ளைகளின் பாடு எப்படி இருந்திருக்கும்!

சரி, சேரும் இடம் சுத்தமாக இருக்கிறது. நம் கையில் இருப்பது சுத்தமா?

எல்.எல்.எம். தகுதி என்பது எல்.எல்.பி.யில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம், எல்.எல்.பி. என்று சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே இருப்பதெல்லாம் விழும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல், வயதை மட்டும் காட்டித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வாங்கியவர்களுக்கு எல்.எல்.பி.யிலேயே இடமில்லை என்கிறது பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டுச் சட்டக் கல்வி விதி. இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலையில் நேராக முதுநிலை வாங்கியதைப் பற்றி, தமிழ்நாட்டில் ஒரு பதவி நியமனம் தொடர்பாக எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாதென்றே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தபால் வழியில் பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டம் ஏராளமான அரசு ஊழியர்கள் வாங்கியிருக்கிறார்கள். பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். வக்கீல் பதிவுக்கு அது உதவாது. டெல்லிப் பல்கலைக்கழகங்களின் எல்.எல்.எம். விண்ணப்பம் கேட்பது மூன்றாண்டு எல்.எல்.பி. அல்லது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் பட்டம். பி.ஜி.எல்.லை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

கண்ணி அறுந்தால் எவ்வளவு உயரத்திலிருந்தும் விழலாம் என்பதற்கு டெல்லியிலேயே ஒரு சாட்சி உண்டு. 2015-ல் டெல்லி அரசின் சட்ட அமைச்சர் ஜிதேந்தர் சிங் தோமர். ஆமாம், சட்ட அமைச்சர்! பீகாரின் பாகல்பூர் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முடித்ததாகச் சொல்லி வக்கீலாகப் பதிவு செய்திருந்தார். அந்தச் சான்றிதழ் எங்களுடையதில்லை என்று பல்கலைக்கழகத் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அவருடைய பி.எஸ்சி. பட்டத்தின் மீதும் கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு ஜூன் 9-ம் தேதி டெல்லி போலீஸ் அவரைக் கைது செய்தது; பதவி போயிற்று. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனாலும் 2020 ஜனவரியில், கல்வித் தகுதி பற்றித் தவறான விவரம் தந்ததாகச் சொல்லி திரிநகர் தொகுதியில் அவர் பெற்ற 2015 வெற்றியை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அது அரசியல்வாதி கதை, நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது. வக்கீல்கள் எல்லோருடைய பட்டங்களையும் சரிபார்க்க 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்தது. 2019-லிருந்து 2024 அக்டோபர் வரை டெல்லியில் மட்டும் 107 பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருப்பதாகப் பார் கவுன்சில் அறிவித்தது. இருபது வருடத்துக்கு முந்தைய மதிப்பெண் பட்டியலைக்கூட இன்று தோண்டுகிறார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் பிள்ளைகள் காட்டும் அலட்சியம் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ‘49.7 தானே, 50 என்று எடுத்துக்கொள்வார்கள்.’ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்! தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் கிளாட் முதுநிலைத் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு எல்.எல்.பி.யில் 50 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் அங்கே 50 தான் என்பது பலருக்குத் தெரியாது. முழு எண்ணாக்கும் பழக்கம் பற்றி உச்ச நீதிமன்றம் 2011-லேயே பேசிவிட்டது. ஒரிசா நீதித்துறைத் தேர்வில் ஒருவர் எடுத்தது 44.93 சதவீதம், தேவை 45. உயர் நீதிமன்றம் இரக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம், விதியில் இல்லாத முழு எண்ணாக்கத்துக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டது. அங்கே குறைந்தது 0.07! கிரேடு முறையில் படித்தவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சூத்திரத்தைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ‘பத்தால் பெருக்கினால் போச்சு’ என்று நாமாகக் கணக்குப் போடக்கூடாது.

அடுத்து, எந்த வாசலுக்கு எந்தத் தேர்வு. கிளாட் எழுதிவிட்டு டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு. அது கிளாட் கூட்டமைப்பிலேயே இல்லை. ஐலெட் என்று தனித் தேர்வு வைக்கிறது. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியில்தான். டெல்லி பல்கலைக்கழக எல்.எல்.எம்.முக்கு சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. கிளாட், ஐலெட் இரண்டும் முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடும். கடைசி வருட மாணவன் படிப்பை முடித்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம் என்று இருந்தால் அந்த வருடம் போச்சு. சி.யு.இ.டி.யிலும் ஒரு குழி இருக்கிறது. தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் டெல்லி பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிடாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மதிப்பெண் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். இந்திரப்பிரஸ்தாவில் வேறு கதை. அங்கே 85 சதவீத இடங்கள் டெல்லிக்காரர்களுக்கு. டெல்லிக்காரர் என்றால் முனிர்க்காவில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர் இல்லை. தகுதிப் படிப்பை டெல்லியில் உள்ள கல்லூரியில் முடித்தவர். அப்பாவின் ரேஷன் கார்டு அங்கே உதவாது.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாக அடிபடுவது சாதிச் சான்றிதழில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று தாசில்தார் கொடுக்கும் நிரந்தரச் சான்றிதழ் எல்லா வீட்டிலும் லேமினேட் செய்து பத்திரமாக இருக்கும். பள்ளி முதல் அரசு வேலை வரை அதுவே போதும் என்று பழகிவிட்டோம். டெல்லி பல்கலைக்கழகமும் ஜாமியாவும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். அங்கே ஓ.பி.சி. இடம் கேட்டு இந்தச் சான்றிதழை ஏற்றினால் சரிபார்ப்பில் சிவப்பு விழும். அவர்கள் கேட்பது மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் கிரீமி லேயரில் வராதவர் என்ற வாசகத்தோடு. அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அரசாணையின் எண்ணும் தேதியும் அதில் வரும். 12011/68/93 என்று தொடங்கும் எண் பலருடைய சான்றிதழில் இருக்கும். இந்த வரி இல்லாத சான்றிதழை டெல்லியில் நீட்டிப் பயனில்லை.

அதோடு, தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் பிரச்சினை கிளப்புகிறார்கள். தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பட்டியலில் தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்து உங்கள் சாதிப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, சான்றிதழிலும் அப்படியே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிரீமி லேயருக்கு வருமான வரம்பு 8 லட்சம் என்று ஒற்றை வரியில் புரிந்துகொண்டு, ‘நமக்குத்தான் கிடைக்காதே’ என்று விண்ணப்பிக்காமலே விடுகிறவர்களும் உண்டு. பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால் சம்பளத் தொகையை வைத்துப் பார்ப்பதில்லை. எந்த நிலைப் பதவியில் சேர்ந்தார்கள் என்பதுதான் அளவுகோல். விவசாய வருமானமும் கணக்கில் வராது. தாசில்தார் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதைச் சொல்லும் மத்திய அரசு உத்தரவின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். நிரந்தரச் சான்றிதழ் மாதிரி இது ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது என்பதும் கிடையாது. நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரலில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சேர்க்கை நேரத்துக்குக் கையில் இருக்கும். ஜூலையில் சரிபார்ப்பு அழைப்பு வந்தபின் ஊருக்குப் போன் போட்டு, அப்பாவைத் தாலுகா ஆபீசுக்கு விரட்டுவது வீண் அலைச்சல்.

‘ரிசல்ட் வரவில்லை, ஆனால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள்’ என்பவர்களும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். கடைசிப் பருவ முடிவையும் முழு மதிப்பெண் பட்டியலையும் கொடுக்க ஒரு கெடு தேதி இருக்கும். நம் பல்கலைக்கழகம் தாமதிக்கிறது என்பது அவர்களுக்குக் காரணமே இல்லை. அரியர் ஒன்று பாக்கி என்றால் சேர்க்கையே ரத்தாகலாம்.

உள்ளே போய்விட்டீர்கள். வெளியே வரும்போது? சேர 50 போதும் என்பதால் எல்.எல்.எம்.மிலும் 50 எடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஆசிரியர் வேலைக்கு வரும்போதுதான் விழிக்கிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியராக முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும், கூடவே நெட் தேர்வு. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. 53 எடுத்துவிட்டு, இரண்டு வருடத்தையும் பணத்தையும் கொடுத்தபின் கல்லூரி வாசலில் நிற்கும் பொதுப் பிரிவுப் பிள்ளைக்கு மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு எல்லா இடத்திலும் கிடையாது.

நீதிபதித் தேர்வுக்காக எல்.எல்.எம். படிப்பவர்கள் அதற்கும் மேலே யோசிக்க வேண்டும். 2025 மே 20-ம் தேதி உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்தது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து அனுபவம் எண்ணப்படும். பத்து வருட அனுபவமுள்ள வக்கீலின் சான்று, அதற்கு நீதித்துறை அலுவலரின் ஒப்புதல் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. எல்.எல்.எம். வகுப்பில் உட்கார்ந்த வருடங்கள் அந்த மூன்றில் சேரும் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. பதிவே செய்யாமல் நேராக இரண்டு வருட எல்.எல்.எம். போகிறவருக்கு, மூன்று வருடம் அதற்கப்புறம்தான் ஓடத் தொடங்கும். நுழைவுத் தேர்வு கோச்சிங் சென்டர்கள் ‘எல்.எல்.எம். பிளஸ் ஜுடிஷியரி’ என்று பொட்டலம் கட்டி விற்பதில் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

ஏற்கெனவே எங்கேயாவது பணம் கட்டி மாட்டிக்கொண்டீர்களா? பதறாதீர்கள், ஆனால் தாமதிக்காதீர்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட விதி இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் கிட்டத்தட்ட முழுக் கட்டணம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80. முப்பது நாளுக்குள் 50. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. விலகுவதாகத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தேதி பதிவாகும்.

இன்னும் சேரவில்லை என்றால், அடுத்த தடவை அந்த கவுன்சலிங் பெண் கூப்பிடும்போது, இந்தப் படிப்பு நேரடி வகுப்பா, பார் கவுன்சில் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, வகுப்பு எந்த முகவரியில் நடக்கும், பட்டத்தில் என்ன பெயர் அச்சாகும் என்று நாலு கேள்வியையும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து பதிவாளர் கையெழுத்தோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் வரும்வரை ‘சீட் பிளாக்கிங்’ என்று ஐயாயிரம்கூட கூகுள் பேயில் தட்டிவிடாதீர்கள்.